கமக்காரர் கேள்வி – பதில்: தாள் சாய்ந்த நாளில் ஆள் இல்லை

இம்மாதம் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு குறைகளைச் சொல்கின்றன: விளைந்ததை எடுக்க ஆள் கிடைப்பதில்லை, எடுத்ததற்கு விலை கிடைப்பதில்லை. எழுதியவர்கள் இவற்றை இரண்டு துன்பங்களாகக் கருதுகிறார்கள். எனக்கோ இரண்டும் ஒரே வேரில் முளைத்தவையாகத் தெரிகின்றன. எல்லாரும் ஒரே கிழமையில் நடுகிறோம். ஆகவே எல்லாரும் ஒரே கிழமையில் ஆள் தேடுகிறோம், ஒரே கிழமையில் லொறியும் தேடுகிறோம். கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஒரு ஏக்கரில் சின்ன வெங்காயம் செய்கிறோம். கடந்த சிறுபோகத்தில் சித்திரை நடுவில் நட்ட பயிர் ஆனியில் முற்றி, தாள் (இலை) சாய்ந்தபோது பிடுங்குவதற்கு ஆள் கிடைக்கவில்லை. வழமையாக வருகிற பெண்கள் விடுதி வேலைக்கும், ஆண்கள் கரைவலைக்கும் படகுக்கும் போய்விட்டார்கள். கூலியைக் கூட்டிக் கேட்டும் பயனில்லை. ஒன்பது நாள் பிந்திப் பிடுங்குவதற்குள் ஒரு மழையும் பெய்துவிட, ஈரத்தோடு வந்த விலைக்குக் கொடுத்தோம். இம்முறையும் இப்படியே நடக்குமா?
— ஒரு வாசகி, நிலாவெளி

பதில்: நட்ட முறையிலேயே மறுபடியும் நட்டால் நடக்கும். ஊரில் ஆட்கள் இல்லாமற் போகவில்லை. உங்களுக்கு அவர்கள் தேவைப்படும் நாட்களில் மற்றவர்களுக்கும் தேவைப்படுகிறார்கள். வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அமைதியாகும் பங்குனிக்குப் பிறகுதான் நம் கரையில் வலை இழுக்கும் காலமும், உப்புவெளி, நிலாவெளி விடுதிகள் நிரம்பும் காலமும் தொடங்குகின்றன. புரட்டாதி வரை அது நீடிக்கிறது. கிணற்று நீரை நம்பிச் செய்யும் சிறுபோக வெங்காயமும் அதே மாதங்களுக்குள்தான் நட்டு எடுக்கப்பட வேண்டியிருக்கிறது. நிழலுக்குள் நின்று அறை துப்புரவு செய்யும் வேலையும், ஆனி வெயிலில் குந்தியிருந்து வெங்காயம் பிடுங்கும் வேலையும் ஒரே நாளில் ஒரு பெண்ணைத் தேடி வந்தால், அவர் எதைத் தெரிந்தெடுப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விடுதிக்காரர் மாதம் முழுவதற்கும் வேலை தருகிறார்; நீங்கள் தருவது நான்கு நாள் வேலை. கூலியை மட்டும் உயர்த்தி அந்தப் போட்டியில் உங்களால் வெல்ல முடியாது.

உங்கள் கையில் இருப்பது நடுகை நாள். ஒரு ஏக்கரையும் ஒரே நாளில் நட்டால் ஒரு ஏக்கரும் ஒன்றாகத்தான் தாள் சாயும். அதை மூன்று துண்டாக்கிப் பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் நடுங்கள். இரண்டு இரண்டரை மாதப் பயிரான வெங்காயம் அதே இடைவெளியில் முற்றி வரும். இருபது பேர் வேண்டியிருந்த இடத்தில் வீட்டாரோடு ஐந்தாறு பேர் போதும். மூன்று தடவை வந்து போவது விடுதி வேலை இல்லாத நாட்களில் உழைக்க விரும்பும் பெண்களுக்கும் வசதியானது. விலையிலும் இதனால் ஒரு நன்மை உண்டு: ஒரு துண்டு விழுந்த விலையில் அகப்பட்டாலும் மற்ற இரண்டும் தப்பக்கூடும். ஆனால் மூன்றாவது துண்டை அதிகம் பிந்தவிட வேண்டாம். கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கிணற்று நீர் இறங்கிவிடும். உவர் தட்டும் கிணறுகளில் அது இன்னும் விரைவாகத் தெரியும். விதை வெங்காயத்தையும் மூன்று தடவைக்கு எனப் பிரித்துக் கட்டித் தொங்கவிட்டிருக்க வேண்டும். முதல் நடுகையிலேயே நல்ல விதை முழுவதையும் செலவழித்துவிட்டுக் கடைசித் துண்டுக்குக் கழிவை நடுகிற தவறைப் பல தோட்டங்களில் கண்டிருக்கிறேன்.

இரண்டாவதாக, ஆளைத் தாள் சாய்ந்த பிறகு தேடாதீர்கள்; நடும்போதே பேசுங்கள். உங்கள் ஒழுங்கையில் ஐந்து தோட்டம் இருந்தால், ஐவரும் கூடியிருந்து எவர் தோட்டம் எந்தக் கிழமையில் வரும் என்று ஒரு கொப்பியில் எழுதி, அதே பத்துப் பெண்களுக்கு அடுத்தடுத்து மூன்று கிழமை வேலை இருப்பதை உறுதிசெய்ய முடிந்தால், விடுதி தருகிற நிச்சயத்தில் ஒரு பங்கை நீங்களும் தந்தவர்களாவீர்கள். என் தகப்பனார் காலத்தில் இறக்கக்கண்டியில் இன்று உன் தோட்டம், நாளை என் தோட்டம் என்று கைமாற்று வேலை நடந்தது. அதை நினைத்து ஏங்குவதில் பொருளில்லை. பிள்ளைகள் படிக்கவும் வெளிநாட்டுக்கும் போன பிறகு அந்த முறை தானாகவே உடைந்துபோனது. ஆனால் முறை வைத்துக்கொள்ளும் அந்தப் பழக்கத்தைக் கூலி கொடுத்தும் தொடரலாம்.

மூன்றாவது, கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் விடயம். உங்களுடைய பெரிய நட்டம் கூலியிலோ பிந்தியதிலோ வரவில்லை. ஈரத்தோடு விற்றதில் வந்தது. தாள் சாயத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். பிடுங்கிய வெங்காயத்தை வரிசையாகக் கிடத்தும்போது, பின்வரிசையின் தாள் முன்வரிசையின் கிழங்கை மூடும்படி பரப்பினால் கிழங்கில் வெயில் நேரே படாது. வெயில் பட்ட கிழங்கு வெந்து, மேல் தோல் நிறம் மாறி, வியாபாரியின் விரல் பட்டவுடனே காட்டிக் கொடுத்துவிடும். தாள் வாடிக் கழுத்து சுருங்கிய பிறகு பிடி பிடியாகக் கட்டி, காற்றோட்டமான கொட்டிலில் கம்புகளில் தொங்கவிடுங்கள். கழுத்தை இரு விரலால் அழுத்திப் பாருங்கள்: வழுக்கினால் இன்னும் ஈரம், சருகு போல நொறுங்கினால் வெங்காயம் கெடாமல் இருக்கும். அப்படிக் காய்ந்த வெங்காயம் கிழமைக்கணக்கில் உங்கள் கொட்டிலிலேயே கிடக்கும். காயும்போது எடை குறையும் என்பது உண்மைதான். அந்தக் குறைவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும், லொறிக்காரர் ஒழுங்கையில் நிற்கும்போது ‘இன்றைக்கு வேண்டாம், அடுத்த கிழமை வாருங்கள்’ என்று சொல்லக்கூடியவருக்கு விலை பேச ஓர் இடம் கிடைக்கிறது. தென்னோலைக் கொட்டில் ஒன்றுக்கு ஆகும் செலவை, கடந்த முறை நீங்கள் இழந்த தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் தோட்டம் உள்ளவள் அல்ல, தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவள். ஆண்களுக்கு 2,500 ரூபாய் கொடுக்கும் இடத்தில் எங்களுக்கு 1,800 தருகிறார்கள். கேட்டால் பாத்தி கட்டுவதும் மூட்டை தூக்குவதும் ஆண்கள்தானே என்கிறார்கள். பிடுங்குவதிலும் கட்டுவதிலும் நாங்கள்தான் முன்னுக்கு. சட்டம் என்ன சொல்கிறது?
— ஒரு வாசகி, குச்சவெளி

பதில்: உங்கள் கடிதத்தை நிலாவெளி வாசகியின் கடிதத்துக்கு அடுத்தே வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆள் இல்லை என்று அவர் எழுதுகிறார். அந்த ஆள் ஏன் விடுதிக்குப் போகிறார் என்பதை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் ஆண், பெண் என்று வேறுபாடு செய்யவில்லை. நாளொன்றுக்கு 400 ரூபாயாகத் தொடங்கிய அந்தத் தொகை, 2025 ஏப்ரலில் 1,080 ஆகவும் 2026 ஜனவரியில் 1,200 ஆகவும் உயர்த்தப்பட்டது. அதற்குக் குறைத்துக் கொடுப்பது சட்டமீறல். திருகோணமலையில் உள்ள தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். ஆனால் உங்களுக்கு வருவது அந்தத் தொகைக்கு மேற்பட்டதாகையால், இந்தச் சட்டத்தைக் காட்டி 700 ரூபாய் வித்தியாசத்தைக் கேட்க இயலாது. அதற்கு வழி வேலையை நாளால் அளக்காமல் அளவால் அளப்பது. பிடுங்கிக் கட்டிய ஒவ்வொரு பிடிக்கும், அல்லது துப்புரவாக்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் இவ்வளவு என்று பேசினால், கை வேகமானவர் பெண்ணாயினும் ஆணாயினும் அதற்கேற்ற காசோடு வீட்டுக்குப் போவார். பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரே குரலில் கேட்டால் ஆள் தட்டுப்பாடான ஆனி, ஆடி மாதங்களில் மறுக்கக்கூடிய தோட்டக்காரர் குறைவு. ஒரு கவனம் வேண்டும்: அளவுக்கூலியின் வேகத்தில் காயப்பட்ட கிழங்கு கூடும், அதை எவர் ஏற்பது என்பதைத் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

தோட்டக்காரருக்கும் ஒரு சொல். பெண்களுக்குக் குறைத்துக் கொடுத்து மிச்சம் பிடித்த காசு, ஒன்பது நாள் பிந்திய வெங்காயத்தோடு போய்விடும்.

கேள்வி: கத்தரி செய்கிறேன். வெளியூர் மொத்தச் சந்தையிலுள்ள ஒரு கடைக்கு லொறியில் அனுப்பினேன். இங்கே நிறுத்து ஏற்றியது 600 கிலோ. பற்றுச்சீட்டில் 558 கிலோ. அதற்கு மேல் கொமிசன், இறக்குகூலி, சாக்குக் கழிவு என்று வெட்டியிருக்கிறார்கள். விடியப்புறம் தொலைபேசியில் சொன்ன விலையும் பற்றுச்சீட்டில் இல்லை. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: 42 கிலோ என்பது நூற்றுக்கு 7. சணல் சாக்கில் அமுக்கிக் கட்டிய கத்தரி, இரவு முழுவதும் வெப்பத்தில் ஓடினால் கொஞ்சம் நீர் இழக்கும். ஆனால் இவ்வளவு முழுவதும் ஆவியாகப் போயிருக்க வாய்ப்பில்லை. ஒரு பகுதி அமுங்கியது, அழுகியது எனக் கழிக்கப்பட்டிருக்கும். மற்றப் பகுதியைத் தராசிடம்தான் கேட்க வேண்டும். வியாபாரத்துக்குப் பயன்படும் தராசுகள் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் ஏற்பாடு. கடையில் மட்டுமல்ல, நீங்கள் இங்கே நிறுத்த தராசிலும் அந்த முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் தராசும் பிழையாக இருந்தால் வழக்குப் பேச முடியாது.

விலையைப் பற்றி. 1999இல் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் என்னும் மொத்தச் சந்தை திறக்கப்பட்ட பிறகு, கந்தளாய், ஹபரணை வழியாகப் போகும் நமது சரக்கின் விலை பெரும்பாலும் அங்கேதான் தீர்கிறது. கொழும்புப் பக்கத்து வியாபாரிகள் அங்கிருந்து ஏற்றி, 2020 நவம்பரில் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு மாற்றப்பட்ட மெனிங் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தக் காலை எத்தனை லொறி வந்து நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே விலை ஏறி இறங்கும். ஆகவே விடியப்புறம் சொன்ன விலையும் உங்கள் சாக்கு விற்ற விலையும் வேறாக இருப்பது மட்டும் மோசடிக்குச் சான்று ஆகாது. சரிபார்ப்பதற்கு வழி இருக்கிறது: ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவகம் முக்கிய சந்தைகளின் நாளாந்த விலைகளை வெளியிடுகிறது. உங்கள் பற்றுச்சீட்டுகளை அந்த நாட்களின் விலைகளோடு பத்துத் தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் குறைவு சந்தை நிலவரமாயிருக்கலாம். பத்து நாளும் குறைவென்றால் அது அந்தக் கடையின் வழக்கம். அப்போது கடையை மாற்றுங்கள். முற்பணம் வாங்கியிருந்தால் மாற்ற முடியாது என்பதை அறிவேன். பலருக்கு உரத்துக்கும் விதைக்கும் காசு கொடுத்தவரே தராசையும் பிடிக்கிறார். அந்தக் கடனைக் கமநல வங்கியிலோ வேறு வங்கியிலோ மாற்றிக்கொள்ள முடிந்தால், வட்டியைவிட அதிகம் மிச்சமாவது தராசில்தான்.

சாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 இறுதியில் மரக்கறியைப் பிளாஸ்டிக் கூடைகளில்தான் கொண்டுபோக வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியபோது, தம்புள்ளையில் பெரிய எதிர்ப்புக் கிளம்பி அது தளர்த்தப்பட்டது. கூடைக்கு லொறியில் இடம் அதிகம், திரும்பக் கொண்டுவரும் செலவும் உண்டு என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கத்தரிக்கும் தக்காளிக்கும் சாக்கு கொலைக்களம். 60 கிலோ சாக்கின் அடியில் கிடக்கும் கத்தரியை எடுத்துப் பாருங்கள்: காம்பு முறிந்து, பக்கத்துக் காயின் முள் குத்திய இடமெல்லாம் காலையில் கறுத்திருக்கும். நல்ல காயை வேறாகத் தரம் பிரித்துக் கூடையில் அனுப்பிப் பாருங்கள். ஒரே லொறியில் பாதி சாக்கு, பாதி கூடை. இரண்டு பற்றுச்சீட்டுகளும் சொல்லும் கணக்கு என் சொல்லைவிடத் தெளிவாயிருக்கும்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை மிதவைப் பாதையில் ஏறுவதற்காகக் காத்திருந்த லொறிகளில் வாடிய மரக்கறியை நீங்களும் கண்டிருப்பீர்கள். வழி திறந்துவிட்டது, சாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

கேள்வி: உள்ளூர் வியாபாரி ஒருவர் என்னிடம் பூசணி கொள்முதல் செய்து ஏழு மாதமாகிறது. கொஞ்சம் காசு தந்தார். மிகுதிக்கு நாளை, மறுநாள் என்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை. வழக்குப் போட முடியுமா?
— ஒரு வாசகர், மூதூர்

பதில்: முடியும், ஆனால் நாளை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி எழுத்து இல்லாவிட்டாலும், வாங்கியவர் பொருளை ஏற்றுக்கொண்டிருந்தால் அல்லது விலையில் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தால் அந்த ஒப்பந்தம் செல்லும். உங்கள் விடயத்தில் இரண்டும் நடந்திருக்கின்றன. ஆயினும் விற்றுக் கொடுத்த பொருளின் காசுக்கு வழக்கிட, 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் ஓராண்டையே தருகிறது. ஏழு மாதம் ‘நாளை’யிலேயே போய்விட்டது. கூலிக்காரரின் கூலிக்கும் இதே ஓராண்டுதான். இதை வாசிக்கும் கூலியாளர்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கிழமையே உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபையில் முறைப்பாட்டைப் பதியுங்கள். 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த அந்தச் சபைக்குச் சட்டத்தரணி தேவையில்லை. குறித்த எல்லைக்கு உட்பட்ட தொகைகளுக்கு அங்கே போய்வந்த பிறகே நீதிமன்றம் வழக்கை ஏற்கும். போகும்போது லொறிக்காரரையோ ஏற்றிய ஆளையோ சாட்சியாக அழைத்துச் செல்லுங்கள். வியாபாரியிடமிருந்து வந்த குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். ஒரு தொகைக்கு அவர் இணங்கினால், தவணைத் திகதிகளோடு எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அடுத்த முறை, எவ்வளவு பழகியவராயினும் திகதி, எடை, விலை மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கையொப்பம் கேளுங்கள். கேட்டால் கோபிப்பார் என்று அஞ்சுகிறோம். கோபிக்கிறவருக்குக் கடன் கொடுக்காமலிருப்பதும் இலாபம்தான்.

கேள்வி: வெங்காய இறக்குமதி வரியைக் கூட்டப் போகிறார்கள் என்று செய்தி வருகிறது. நம்பி அதிகம் நடலாமா?
— ஒரு வாசகர், திரியாய்

பதில்: நட வேண்டாம். 2007ஆம் ஆண்டின் விசேட வர்த்தகப் பொருட்கள் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றின் வரி வர்த்தமானி அறிவித்தலால் மாற்றப்படுகிறது. இன்று கூடிய வரி உங்கள் பயிர் தாள் சாயும்போது குறைந்திருக்கலாம். இந்தியாவின் முடிவுகளும் நம் கையில் இல்லை. 2023 டிசம்பரில் அந்த நாடு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது இங்கே விலை ஏறியது. அந்த விலையைப் பார்த்து நட்டவர்கள் எடுக்கும் வேளையில், 2024 மே மாதம், தடை நீக்கப்பட்டது. செய்தி வந்த அன்று கொட்டிலில் காய்ந்த வெங்காயம் வைத்திருந்தவருக்குத்தான் செய்தியால் பயன். உங்கள் கிணறு எவ்வளவு பாய்ச்சும், தாள் சாயும் கிழமையில் எத்தனை கை கிடைக்கும் என்பவற்றுக்கு ஏற்ற பரப்பை மட்டும் நடுங்கள்.

கேள்வி: பெரிய மகனுக்கு 15 வயது. பாடசாலை விடுமுறையில் மிளகாய்க்கு மருந்தடிக்க விடலாமா? கூலிக்கு ஆள் இல்லை.
— ஒரு வாசகர், தம்பலகாமம்

பதில்: கூடாது. வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. நஞ்சு தெளிப்பது போன்ற ஆபத்தான வேலைகள் 18 வயதுக்குக் குறைந்தவருக்குத் தடை. உங்கள் சொந்தத் தோட்டமாயினும் நஞ்சு அவன் வயதைக் கேட்டு நிற்காது. நீங்களே அடிப்பதானால் காற்றுக்கு முதுகைக் காட்டி, காலை வெயில் ஏறும் முன் அடியுங்கள்; மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்; போத்தலில் எழுதியிருக்கும் நாட்கள் கழியும் வரை மிளகாய் பறிக்காதீர்கள். மகன் உதவ விரும்பினால், பறித்த மிளகாயின் எடையையும் விலையையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். நம் தோட்டங்களில் எவருமே செய்யாத வேலை அது.